ஓரம் கட்டத் தெரியாதவள்

அத்தியாயம் ஒன்பது

பஸ் ஓடவில்லை என்ற செய்தியைக் கிளெனிஸுக்குச் சொன்னது பக்கத்து வீட்டு மிஸஸ் பெவன்தான்.

குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்த அந்த அம்மாள், காலையிலிருந்து டிரைவர்கள் எல்லோரும் திடீர் ஸ்டிரைக் என்றும், ஸ்வான்சி முழுக்க ஒரு பஸ்கூட இல்லை என்றும், தங்கை வீட்டுக்கு எப்படிப் போவதென்று தெரியவில்லை என்றும் புலம்பித் தீர்த்தாள். போகிற போக்கில், "உனக்கென்ன கவலை? நீதான் இப்ப காரோட்டியாச்சே" என்று ஒரு கொக்கியும் போட்டுவிட்டுப் போனாள்.

கிளெனிஸ் சிரித்து வைத்தாள். காரோட்டிதான், அதில் சந்தேகமில்லை. அறுபது வயதைத் தாண்டிக் கற்றுக்கொண்டு, மூன்றாவது முறையில் லைசென்ஸ் வாங்கியவள். ஆனால் அந்தச் சின்ன நீலக் காரை அவள் நிறுத்துகிற இடங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று, தெருக்கோடியில் பழைய தேவாலயத்தின் மதிலோரம். அங்கே வேறு யாரும் நிறுத்துவதில்லை. இன்னொன்று, சூப்பர் மார்க்கெட் மைதானத்தின் கடைசி வரிசை. அங்கேயும் ஈ காக்கை கிடையாது.

இரண்டு வண்டிகளுக்கு நடுவே, நடைபாதையை ஒட்டி, பின்பக்கமாக வந்து நுழைத்து நிறுத்துவது மட்டும் அவளுக்குக் கைவரவேயில்லை. டெஸ்ட் அன்று அதிகாரி அதைச் செய்யச் சொல்லவில்லை. அந்த அதிர்ஷ்டத்தில் பாஸானவள்.

இன்றைக்கு லவ்ரியின் கடை திறப்பு.

போன வாரம் மகள் போனில் அழைத்தபோது வீட்டில் நடந்த கூத்து நினைவிருக்கும். "நீ வாம்மா. அப்பாவை நான் கூப்பிடல. வந்தா வேண்டாம்னும் சொல்லல" என்று லவ்ரி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அறைக்குள் கணவர் எம்லின் டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்தார். அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

எம்லின் பிரைஸ் இந்த ஊரில் வாலிபத்திலிருந்து பஸ் ஓட்டியவர். ரிட்டயர் ஆன பின்னும் ஸ்டியரிங்கை வேறு ஒருவர் கையில் கொடுக்காதவர். சென்ற இலையுதிர்காலத்தில் அவர் பார்வையின் நடுப்பகுதி மங்க ஆரம்பித்தது. ஓரங்கள் தெரியும், நேரே இருப்பது மட்டும் புகை படிந்தாற்போல் மறைந்துவிடும். டாக்டர் வண்டி ஓட்டக் கூடாது என்றார். எம்லின் ஓட்டினார். ஒரு மாலை, சைக்கிளில் வந்த பெண் ஒருத்தி மயிரிழையில் தப்பினாள்.

யாரோ லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டார்கள்.

"யார் சொன்னது?" என்று அவர் வீடு அதிரக் கேட்ட அன்று, வார இறுதிக்காகக் கார்டிஃபிலிருந்து வந்திருந்த லவ்ரி முன்னால் வந்து நின்றாள். "நான்தான்" என்றாள். அன்றோடு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு அறுந்தது. கிறிஸ்துமஸுக்கும் அவள் வரவில்லை. கார்டிஃப் வேலையை விட்டுவிட்டு, இதே ஊருக்குத் திரும்பி, அப்லேண்ட்ஸ் கடைவீதியில் சைக்கிள் கடை வைக்கிறாள் என்பதையே எம்லின் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

உண்மையில் போன் செய்தது கிளெனிஸ். அது தாய்க்கும் மகளுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. "நீ சொன்னேன்னு தெரிஞ்சா இந்த வீட்டுல உன்னால இருக்க முடியாதும்மா. நான் தூரத்துல இருக்கறவ, தாங்கிக்குவேன்" என்று லவ்ரி அன்றிரவே அவள் வாயை அடைத்துவிட்டாள். கிளெனிஸும் அடைபட்டே இருந்துவிட்டாள்.

இன்று காலை எம்லின் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே எழுந்து முகம் மழித்துக்கொண்டார். தாடையில் ஓர் இடத்தில் கீறல். கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டுக் கிளம்பினார். கிளெனிஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் இல்லாததே அவளுக்கு வசதியாக இருந்தது. இரும்புக் கல்லில் சுட்டு எடுத்த உலர்திராட்சை கேக்குகளை டப்பாவில் அடுக்கினாள். நல்ல கோட்டை மாட்டிக்கொண்டாள். தேவாலய மதிலோரம் போய்க் காரை எடுத்தாள்.

மேட்டுத் தெருவில் இறங்கித் திரும்பியதும், பஸ் ஸ்டாப்பில் எம்லின் நின்றுகொண்டிருந்தார்.

லேசான தூறல். பழுப்புக் கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூ. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பஸ் வரும் திசையைப் பார்த்தபடி நின்றார். அவர் தோளுக்குப் பக்கத்திலேயே, ஸ்டாப்பின் கண்ணாடியில், பஸ் கிடையாது என்ற அறிவிப்பு பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

கிளெனிஸுக்குப் புரிந்தது. அந்த ஸ்டாப்பில் வரும் பஸ் போவது அப்லேண்ட்ஸ் பக்கம்தான். அவர் தன்னிடம்கூடச் சொல்லாமல் மகளைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார். தான் வாழ்நாளெல்லாம் ஓட்டிய பஸ் இன்று வராது என்பதைப் பக்கத்திலேயே எழுதி ஒட்டியும் அவரால் படிக்க முடியவில்லை.

காரை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். நடைபாதைக்கும் காருக்கும் நடுவே ஓர் ஆளே படுக்கலாம் போல இடைவெளி. கண்ணாடியை இறக்கினாள்.

"பஸ் லேட்டு" என்றார் எம்லின், அவள் கேட்காமலே.

"இன்னிக்கு பஸ் இல்ல எம்லின். ஸ்டிரைக்."

அவர் தலையைச் சற்றுச் சாய்த்துக் கண்ணாடியிலிருந்த தாளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"யாரும் எங்கிட்டச் சொல்லலையே" என்றார்.

யார் சொல்வார்கள்? லைசென்ஸ் போனதிலிருந்து பழைய சகாக்கள் கூடும் கிளப் பக்கமே அவர் தலைகாட்டவில்லை. வீட்டுக்கு வந்தவர்களையும் முகங்கொடுத்துப் பேசி அனுப்பவில்லை. இதையெல்லாம் கிளெனிஸ் சொல்லிக் காட்டவில்லை. கதவைத் திறந்துவிட்டாள்.

"எங்க போறே?" என்றார்.

"நீ போற இடத்துக்குத்தான்."

"நான் எங்கயும் போகல. சும்மா காத்து வாங்க நின்னேன்."

"டை கட்டிக்கிட்டா?"

எம்லின் நடைபாதையை விட்டு இறங்கினார். அவள் விட்டிருந்த இடைவெளியில் தேங்கியிருந்த தண்ணீரில் பாலிஷ் போட்ட ஷூவை முக்கியெடுத்து, உள்ளே ஏறி உட்கார்ந்தார். அவள் லைசென்ஸ் வாங்கிய பிறகு அவர் அந்தக் காரில் ஏறுவது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரிக்குக் கண்ணில் ஊசி போடப் போவதற்குக்கூட பஸ்தான் என்று பிடிவாதமாக இருந்த மனிதர்.

வண்டி நகர்ந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் எம்லினுடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்தியது. கிளெனிஸ் கண்டும் காணாததுபோல் ஓட்டினாள்.

டிப்போ வாசலில் டிரைவர்கள் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு கூட்டமாக நின்றார்கள். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் காரை உற்றுப் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினான்.

"கெரித் கை காட்டறான்" என்றாள் கிளெனிஸ். "உனக்குத்தான்."

எம்லின் கண்ணாடியை இறக்கி, யாரென்று தெரியாத அந்தக் கூட்டத்தின் பக்கம் கையை நீட்டினார். பிறகு அவளிடம், "ஹாரன் அடி" என்றார்.

"எதுக்கு?"

"ஸ்டிரைக்குல நிக்கறவங்களைத் தாண்டிப் போறப்போ அடிக்கணும். அடி."

கிளெனிஸ் அடித்தாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. நீண்ட நாளைக்குப் பிறகு எம்லினின் உதட்டோரம் லேசாக விரிந்ததை அவள் பார்த்தாள். மனசு கொஞ்சம் லேசாயிற்று.

அந்த லேசு அப்லேண்ட்ஸ் வரைக்கும்தான் தாங்கியது.

கடைவீதி சனிக்கிழமைக் கூட்டத்தில் பிதுங்கியது. பஸ் இல்லாததால் ஊரில் உள்ள அத்தனை கார்களும் அங்கேதான் வந்து நின்றன போலிருந்தது. ஏறுமுகமான தெரு. இரண்டு பக்கமும் வண்டிகள் மூக்கோடு வால் ஒட்டி நின்றன. நடுவில் மஞ்சள் பெயின்ட் அடித்த புதுக் கடை. வாசலில் பலூன்கள், வரிசையாகச் சைக்கிள்கள், பத்துப் பதினைந்து பேர்.

அந்தக் கடைக்குக் கொஞ்சம் மேலே ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. முன்னால் ஒரு பேக்கரி வேன். பின்னால் பளபளவென்று ஒரு புதுச் சிவப்புக் கார்.

கிளெனிஸ் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டாள்.

"இடம் இருந்துது" என்றார் எம்லின்.

"இருந்துது."

"அப்புறம்?"

"இன்னொரு சுத்து வரலாம். பெரிசா ஏதாவது கெடைக்கும்."

இரண்டாவது சுற்றிலும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதே இடம்தான் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. இந்தத் தடவை வேனுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ரிவர்ஸ் கியரைப் போட்டாள். பின்னால் ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது.

எம்லினுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. வேனோட பின் மூலை தெரியுதா, லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி, கிளச்சை விடாதே, பள்ளத்துல உருளும், எதுக்கு நிறுத்தறே என்று வரிசையாக உத்தரவுகள் வந்து விழுந்தன. எந்த மூலை, எந்தக் கண்ணாடி என்று கிளெனிஸுக்குக் குழம்பியது. கார் குலுங்கி அணைந்தது. பின்னாலிருந்தவன் மறுபடியும் ஹாரன் அடித்தான். அவள் காரை உயிர்ப்பித்து, முதல் கியரில் போட்டு, அங்கிருந்து ஓட்டம் பிடித்தாள்.

ஒரு சந்துக்குள் திரும்பி, யார் வீட்டு கராஜ் வாசலிலோ நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

"வீட்டுக்குப் போயிடலாமா?" என்றார் எம்லின். குரல் தணிந்திருந்தது. கோபம் இல்லை. அதுதான் அவளை உடைத்துவிட்டது. மகளைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்துவிட்டு, ஒரு காரை நிறுத்தத் தெரியாததால் திரும்பிப் போகிறோம். இந்தக் குடும்பத்தில் இன்னும் எத்தனைதான் தன்னால் கெட வேண்டும்?

"எம்லின், நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். முன் கண்ணாடியில் ஓடும் வைப்பரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "லவ்ரி மேல தப்பில்ல. லைசென்ஸ் ஆபீசுக்குப் போன் பண்ணது நான். அவ எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டா."

வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது.

"தெரியும்" என்றார் எம்லின்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீ போன்ல பேசறப்போ நான் மாடிப்படியில நின்னுட்டிருந்தேன். முழுசும் கேட்டேன்."

"அப்புறம் எதுக்கு யார் சொன்னதுன்னு அந்தக் கத்து கத்தினே?"

"நீயே சொல்லுவேன்னு நெனச்சேன்." அவர் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொல்லியிருந்தா அன்னிக்கே அழுது தீத்திருப்பேன். நீ சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னே. அவ முன்னாடி வந்துட்டா. நானும் விட்டுட்டேன்."

"விட்டுட்டியா? பெத்த பொண்ணோட இத்தனை மாசம் பேசாம இருந்திருக்கே."

"உங்கூடப் பேசாம இருந்தா நான் யாரோட இருக்கறது, கிளெனிஸ்? காலையில டீ குடுக்கறவ நீ. மாத்திரை எது சிவப்பு எது வெள்ளைன்னு சொல்றவ நீ. யார் மேலயாவது கோபப்படணும்னு இருந்துது. அவ தூரத்துல இருந்தா. அது சுலபமாப் போச்சு."

கிளெனிஸுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. நெஞ்சுக்குள் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்த கல்லை யாரோ எடுத்தாற்போல இருந்தது. அடுத்த நிமிஷமே அந்த இடத்தில் வேறொன்று கொதித்துக் கிளம்பியது. கிறிஸ்துமஸ் அன்று லவ்ரி கார்டிஃபில் தனியாக, டோஸ்ட்டும் பீன்ஸும் சாப்பிட்டதாகப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. தினமும் அவருக்கு எதிரே உட்கார்ந்து, குற்றவாளிபோல் ரொட்டியை விழுங்கியது ஞாபகம் வந்தது. இவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

"நானும் தப்புதான். வாயைத் திறந்திருக்கணும்" என்றாள். "ஆனா நீ பண்ணினது அதைவிடப் பெரிசு. இன்னிக்கே அவகிட்டச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

"சொல்றேன்."

"வீட்டுக்குத் திரும்பறதுக்கு முன்னாடி."

"அதான் சொல்றேன்னு சொல்றேனே. அதுக்குத்தானே கெளம்பினேன்."

அவள் கியரைப் போட்டாள்.

"எங்க போறே?"

"நிறுத்தப் போறேன். அது முடியற வரைக்கும் நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. 'ம்'னுகூடச் சொல்லக் கூடாது."

எம்லின் வாயை மூடிக்கொண்டார்.

இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. அதை நம்பி நுழைய முயன்ற ஒருவன் பாதியில் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். கிளெனிஸ் வேனுக்கு இணையாகக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அடித்துக்கொள்ளட்டும் என்றிருந்தது. அவள் கோபத்தில் யாருக்கும் பயப்படும் நிலையில் இல்லை.

மெதுவாகப் பின்னால் உருண்டாள். வேனின் பின் மூலை தன் ஜன்னலைத் தாண்டியதும் ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுசாக ஒடித்தாள். காரின் வால் உள்ளே போயிற்று. போன வேகம் கொஞ்சம் அதிகம். பின் டயர் நடைபாதை விளிம்பில் முட்டி, கார் ஒரு துள்ளு துள்ளியது. எம்லினின் கை கதவுப் பிடியை இறுக்கியது. முகம் முன்னால் பார்த்தபடியே இருந்தது. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அவர் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று கிளெனிஸுக்குத் தெரியும். தூங்கும்போதுகூட அடுத்தவன் ஓட்டும் வண்டிக்கு வழி சொல்லுகிறவர்.

முன்னால் எடுத்தாள். பின்னால் நின்றவனுக்குக் கையைக் காட்டி, காத்திரு என்றாள். மறுபடி வேனுக்கு இணையாக நின்றாள். ஒரு பெருமூச்சு விட்டாள். இந்தத் தடவை கிளச்சைப் பாதியில் பிடித்து, பிரேக்கை லேசாகத் தொட்டபடி, சரிவில் காரை வழியவிட்டாள். இடப்பக்கம் ஒடித்தாள். சைடு மிரரில் நடைபாதை விளிம்பு சாய்வாகத் தெரிந்தது. ஸ்டியரிங்கை நேராக்கினாள். இன்னும் கொஞ்சம். சிவப்புக் காரின் விளக்குகள் பின் கண்ணாடியில் பெரிதாயின. இப்போது வலப்பக்கம், முழுசாக. காரின் மூக்கு வேனின் பின்பக்கத்தை உரசாமல் உள்ளே மடங்கி வந்தது. மிரரில் சாய்ந்திருந்த விளிம்பு மெல்ல நிமிர்ந்து, காருக்கு இணையான கோடாயிற்று.

நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக். இன்ஜினை அணைத்தாள்.

பின்னால் நின்றவன் தாண்டிப் போகும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். கிளெனிஸ் அதைக் கவனிக்கவில்லை. அவள் எம்லினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கதவைத் திறந்தார். காலை நீட்டினார். ஷூ நேராக நடைபாதைமேல் போய் உட்கார்ந்தது. தண்ணீர் இல்லை, தாண்டல் இல்லை. இறங்கி, குனிந்து, முன் டயருக்கும் விளிம்புக்கும் நடுவே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு பின் டயருக்குப் போய், அங்கேயும் தடவிப் பார்த்தார். கிளெனிஸ் கேக் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, டெஸ்ட் அன்று காத்திருந்ததைவிடப் பதைப்பாகக் காத்திருந்தாள்.

"இப்பப் பேசலாமா?" என்றார்.

"பேசு."

"முன்னயும் பின்னயும் ஒரே அளவு. ஒரு சாண்கூட இல்ல." கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "டிப்போவுல பாதிப் பசங்களுக்கு இது வராது."

கடை வாசலில் லவ்ரி நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் சுற்றிச் சுற்றி வந்ததையெல்லாம் அவள் பார்த்திருக்க வேண்டும். மஞ்சள் ஏப்ரன், தூக்கிக் கட்டிய முடி, கையில் ஒரு ஸ்பேனர். வந்திருந்தவர்களை விட்டுவிட்டுச் சரிவில் மேலே ஏறி வந்தாள். அப்பாவுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள்.

எம்லின் அவள் வரும் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். பிறகு முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

லவ்ரியின் முகம் விழுந்ததைக் கிளெனிஸ் கண்ணெதிரே பார்த்தாள். மகள் அப்பாவைக் கடைசியாகப் பார்த்த அன்றும் அவர் இப்படித்தான் திருப்பிக்கொண்டார். ஓடிப்போய் விளக்கலாமா என்று ஓர் அடி வைத்தாள். அதற்குள் எம்லினே பேசிவிட்டார்.

"மூஞ்சியைத் திருப்பலம்மா. நேராப் பாத்தா நீ இருக்கற இடத்துல ஒண்ணுமே இல்ல. இப்படி வேற எங்கயோ பாத்தாத்தான் நீ தெரியறே."

லவ்ரி ஸ்பேனரை ஏப்ரன் பைக்குள் போட்டாள்.

"இப்பத் தெரியறேனா?" என்றாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"தெரியறே. இளைச்சிட்டே." எம்லின் அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டினார். அந்தக் கை சரியாக அவள் தோளில் போய் விழுந்தது. "முப்பது வருஷமா என் பஸ்ஸுக்குக் குறுக்க வந்து உயிரை வாங்கினவனுங்களுக்கெல்லாம் சாமான் விக்கப் போறியாமே."

"ஆமாம்ப்பா. ஹெல்மெட்டும் விக்கறேன்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தனியாக ஓர் ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்றார்.

கடைக்குப் பின்னால் ரிப்பேர் அறை. இருவரும் உள்ளே போனார்கள். லவ்ரி கதவைச் சாத்தினாள். கிளெனிஸ் டப்பாவைத் திறந்து வந்தவர்களுக்குக் கேக் கொடுத்தாள். யாரோ ஒரு பெரியவர் பின்சக்கர டியூப் விலை கேட்டார். அவளுக்கு என்ன தெரியும்? இன்னொரு கேக்கை அவர் கையில் வைத்தாள்.

காது முழுக்க அந்தக் கதவின்மேல் இருந்தது. முதலில் எம்லினின் குரல் மட்டும், தாழ்ந்து, இடைவெளி விட்டு விட்டு. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் லவ்ரியின் குரல் உயர்ந்தது. "தெரிஞ்சிக்கிட்டேவா?" என்றாள். எதுவோ இரும்புச் சாமான் தரையில் விழுந்து உருண்டது. டியூப் விலை கேட்ட பெரியவர் கேக்கை மெல்வதை நிறுத்தினார்.

கிளெனிஸ் போகவில்லை. தான் இந்தத் தடவை நடுவில் போய் நிற்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது.

கதவு திறந்தபோது லவ்ரியின் கண்கள் சிவந்திருந்தன. உள்ளே எம்லின் ஒரு ஸ்டூலில், மடியில் ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன் ஆரக்கம்பிகளை விரல்களால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தளர்ந்தது எது, இறுகியது எது என்று பார்க்கச் சொல்லியிருப்பாள் போல.

"அம்மா, நீ வீட்டுக்குக் கெளம்பு" என்றாள் லவ்ரி. "கடை மூடினதும் அவரை நானே கூட்டிட்டு வரேன்."

"சண்டையா?"

"சண்டைதான். இத்தனை மாசத்துக்கும் சேத்துப் போட வேண்டியிருக்கு. ஆளுங்க வந்துட்டுப் போறப்போ நிறுத்திக்குவோம், போனதும் போடுவோம். அவரும் போட ரெடியாத்தான் இருக்கார்." மூக்கை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கிளெனிஸால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "சாயங்காலம் அவர் ஏதோ சமைக்கப் போறாராம். நீ எதுவும் செஞ்சு வைக்காதே."

கிளெனிஸ் தலையாட்டினாள். கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"அம்மா."

"என்ன?"

லவ்ரி அவளை நிதானமாகப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. ஆனால் வேறு ஏதோ ஒன்று இருந்தது. அதைக் கிளெனிஸ் இதற்கு முன் பார்த்ததில்லை.

"உங்கிட்டயும் ஒண்ணு கேக்கணும். இன்னிக்கு வேணாம். இன்னிக்கு நல்ல நாளாப் போகட்டும்."

என்ன என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் விட்டாள். அது வருகிறபோது வரட்டும், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கப் போவதில்லை என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தூறல் விட்டிருந்தது. காரில் ஏறி உட்கார்ந்தாள். பேக்கரி வேனில் தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்த இளைஞன், இடம் ரொம்ப நெருக்கமா இருக்கே, நான் வேனைக் கொஞ்சம் முன்னால் எடுக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் தம்பி, உன் வேலையைப் பார் என்றாள்.

கொஞ்சம் பின்னால் போனாள். வலப்பக்கம் ஒடித்து, வேனின் மூலையை ஓரக்கண்ணால் அளந்தபடி, ஒரே மூச்சில் வெளியே வந்தாள். கடையைத் தாண்டும் வாகனங்களின் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

தெருவின் உச்சியில் சிக்னல். வீட்டுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். இடப்பக்கம் போனால் கடற்கரைச் சாலை. வளைகுடாவை ஒட்டியே மம்பிள்ஸ் வரைக்கும் நீண்டு போகும். அங்கே போக இன்று அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. லைசென்ஸ் வாங்கியதிலிருந்து காரணமில்லாமல் அவள் எங்கேயும் போனதும் இல்லை. அங்கே ஓரமெல்லாம் கார்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் என்பதும் தெரியும்.

பச்சை விழுந்தது. கிளெனிஸ் இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டாள்.